ரசிகர் கைங்கரியம்

ஒரு பாட்டு இயற்றப்படுகிறது, பாடப்படுகிறது, பிறகு கேட்கப்படுகிறது. கேட்டவர் தம் பயிற்சிக்கும் ருசிக்கும் தக்கவாறு அதனை மெச்சுகிறார் அல்லது இகழ்கிறார் என்பதே, சங்கீதத்தைப் பற்றி எழுதப் புகுவோர் யாவரும் விசாரணையின்றி ஏற்றுக்கொண்டுவரும் கிரமம். கொரிய இளைஞர் குழுக்களின் இசை விஷயத்தில் இந்தக் கிரமம் அடியோடு குலைந்துபோயிருக்கிறது என்பதை ஒரே ஓர் ஆல்பத்தை நடுவாக வைத்து இங்கே ஆராய முயல்கிறேன். பி.டி.எஸ். என்னும் எழுவர் குழுவின் 'மேப் ஆஃப் தி சோல்: 7' என்ற அந்த ஆல்பம் 2020 பிப்ரவரி 21ஆம் தேதி வெளியாயிற்று. வெளியாவதற்குச் சில தினங்கள் முன்னரே 40 லட்சத்து 20 ஆயிரம் பிரதிகளுக்கு முன்பதிவு நடந்திருந்தது. அதற்குள் உலகம் கேட்டிருந்த புதிய பாடல்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. (பிரதிகள் வேறு, மனிதர்கள் வேறு என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும், அது பின்னால் பெரிய விஷயமாகும்.)

கேளாத இசைக்கு இத்துணை வரவேற்பு எங்ஙனம் சித்தித்தது என்று வினவினால், ஒரு சாரார் அதனை இளம்பிராயத்தின் பித்து என்று சொல்லி முடித்துவிடுகின்றனர். மற்றொரு சாரார் வியாபாரிகளின் தந்திரம் என்கின்றனர். இரண்டு கூற்றிலும் ஓரளவு உண்மை இருக்கிறதெனினும், இரண்டுமே ரசிகர் உண்மையில் என்ன செய்கிறார் என்பதைக் கவனித்துப் பார்த்த பின் சொல்லப்பட்டவையாகத் தோன்றவில்லை. கவனித்துப் பார்த்தால், கேட்பது என்பது அவர் ஆல்பத்தின் பொருட்டுச் செய்யும் பல காரியங்களில் ஒன்றாய், அதுவும் நடுவில் எங்கோ வந்து சேரும் ஒன்றாய் இருப்பது புலனாகும். முன்னும் பின்னும் நடப்பவற்றை நம் கோயில் வழக்கைக் கொண்டு கைங்கரியம் என்று குறித்தால் தவறில்லை. அந்தக் கைங்கரியத்தில் இரண்டு பங்கு உண்டு. பொருள் காண்பது ஒன்று. எண்ணிக்கை சேர்ப்பது மற்றொன்று. முன்னதை ரசிகர்கள் தாமாகவே தேடி வளர்த்துக்கொண்டனர். பின்னதற்கு அவர்களைப் பழக்கியவர்கள் வேறு. எனினும், முன்னது இல்லாதிருந்தால் பின்னது இவ்வளவு காலம் நிலைத்திராது என்பது என் துணிபு.

ரசிகர்கள் ஓர் ஆல்பத்தைக் கேட்டதோடு அமையாமல் அதன்பொருட்டுக் காரியமாற்றத் தலைப்பட்டதற்குக் கொரியாவில் கௌரவமான ஒரு பூர்வகதை இருக்கிறது. சோ தைஜி என்பவரும் அவருடைய தோழர் இருவரும் சேர்ந்த குழு 1992இல் தோன்றி, ராப் முதலிய மேல்நாட்டு முறைகளைக் கொரிய மொழியோடு இசைவித்து, அந்நாட்டு இளைஞர் சங்கீதத்தின் போக்கையே திருப்பிற்று. 1995 அக்டோபரில் அவர்களுடைய நான்காம் ஆல்பம் வெளிவந்த சமயம், பாட்டின் சாகித்தியத்தை முன்கூட்டியே பரிசீலித்து அனுமதி வழங்கும் அதிகாரம் படைத்திருந்த அரசாங்கக் குழு, காலத்தின் போக்கைக் கடிந்துரைத்த ஒரு பாட்டின் சில வரிகளை மாற்றும்படி பணித்தது. சோ தைஜி மாற்ற ஒருப்படவில்லை. ஆட்சேபிக்கப்பட்ட வரிகளை மட்டும் நீக்கவுமில்லை. வரிகள் முழுவதையும் எடுத்துவிட்டு வெறும் வாத்திய இசையாக அதை வெளியிட்டார். சொல்லிழந்து நின்ற அந்தப் பாட்டு, சொல்லோடு வந்திருந்தால் செய்திருக்கக்கூடியதைக் காட்டிலும் அதிகமாகச் செய்துவிட்டது. ரசிகர்கள் மனுக்களோடும் கண்டனங்களோடும் கிளம்பினர். சோங் தே-சுன் என்ற பாடகர் 1990 முதலே முன்தணிக்கைக்கு எதிராக ஏறக்குறையத் தனியாளாக நடத்திவந்த போராட்டத்துக்குத் திடீரென்று ஒரு பெருங்கூட்டம் துணை கிடைத்தது. 1996 ஜூன் மாதத்தில் இசைத்தட்டுகளுக்கான முன்தணிக்கை ஒழிந்தது. வரிகளோடு கூடிய அந்தப் பாட்டும் பின்னர் வெளிவந்தது. இதில் கவனிக்கத்தக்கது என்னவென்றால், குழு அவ்வாண்டு ஜனவரியிலேயே ஓய்வை அறிவித்துக் கலைந்துவிட்டது. பாடியவர்கள் மேடையிலிருந்து இறங்கிய பிறகும் ரசிகர்கள் இறங்கவில்லை.

அதே 1996இல்தான் எஸ்.எம். எண்டர்டெயின்மென்ட் நிறுவனம் எச்.ஓ.டி. என்ற ஐவர் குழுவை அரங்கேற்றியது. ரசிகர் மன்றம், மன்றத்துக்கென ஒரு நிறம், அந்நிறத்தில் பலூன் என்று ரசிகரின் உற்சாகத்துக்குச் சீருடை தைத்துக் கொடுக்கும் சம்பிரதாயமும் அக்காலத்திலேயே வேரூன்றியது. தணிக்கையை எதிர்த்து மனுப்போட்ட கையும் எச்.ஓ.டி.யின் வெள்ளை பலூனை ஆட்டிய கையும் ஒரே தலைமுறையினுடையவை. ஆகவே கொரிய ரசிக உலகத்தை முற்றிலும் கலகம் என்பதும் தவறு. முற்றிலும் அடிமைத்தனம் என்பதும் தவறு.

பி.டி.எஸ். குழு 2013 ஜூன் 13ஆம் தேதி அரங்கேறியபோது, அதனை உருவாக்கிய பிக் ஹிட் நிறுவனம் பெரிய கம்பெனிகளின் நிழலில் ஒதுங்கியிருந்த சிறிய ஸ்தாபனம். 'ஆர்மி' என்று பெயர் சூட்டப்பெற்ற அதன் ரசிகர் கூட்டத்துக்குத் தொடக்கத்திலிருந்தே ஒரு தனிக்குணம் இருந்தது. கையில் கொடுத்த எதையும் அது ஒரு கிரந்தமாக வைத்துக்கொண்டு வாசிக்கும். இக்குணத்தை அறிந்தோ அறியாமலோ குழுவினரும் வாசிப்புக்குரிய சரக்கைத் தாராளமாக வைத்தனர். 2016 அக்டோபர் 10ஆம் தேதி வெளியான 'விங்ஸ்' ஆல்பம் ஹெர்மன் ஹெஸ்ஸேயின் 'டெமியான்' நாவலைத் தழுவியெழுந்தது. ஆல்பத்துக்கு முன்னோடியாக ஆளுக்கொன்றாக ஏழு குறும்படங்கள் வந்தன. தலைமைப் பாட்டின் காணொளியில் ப்ரூகெலின் ஓவியங்களும், கன்னி மரியாள் இயேசுவின் சடலத்தை மடியில் தாங்கும் மைக்கலாஞ்சலோவின் சிற்ப வடிவமும் இடம்பெற்றிருந்தன. 1919இல் ஜெர்மன் மொழியில் வெளியான ஒரு நாவல் ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்குப் பின் சியோல் நகரத்துப் புத்தகக் கடைகளில் பள்ளி மாணவியரால் கேட்டு வாங்கப்பட்டது. ஒரு சந்தைத் தந்திரம் ஹெஸ்ஸேயை வாசிக்கவைக்குமானால் அதனை நான் அதிகமாகக் கடிந்துகொள்ளமாட்டேன்.

இவ்வாசிப்பின் முறை நமக்குப் புதியதன்று. பத்துப்பாட்டில் எங்கோ கிடக்கும் ஒரு சொல்லை வேறெங்கோ கிடக்கும் ஒரு சொல்லோடு மாட்டிப் பொருள் கொள்ளும் உரையாசிரியர் நச்சினார்க்கினியரை அறிந்தவர்கள், 2013ஆம் ஆண்டுப் பாட்டின் ஒரு தாளக்கட்டை 2020ஆம் ஆண்டுப் பாட்டோடு மாட்டிக் காட்டும் ரசிகையைக் கண்டு வியப்படையமாட்டார்கள். நச்சினார்க்கினியர்மேல் கூறப்படும் குற்றமும் அவளுக்குப் பொருந்தும். ஆசிரியன் கருதாததையும் கருதியதாக ஏற்றிச் சொல்வாள். ஆனால் எப்போதும் அப்படியன்று.

2017 பிப்ரவரியில் வந்த 'ஸ்பிரிங் டே' என்ற பாட்டை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். பிரிந்தவரைக் காண ஏங்கும் ஏக்கமே அதன் வெளிப்பொருள். அதன் காணொளியில் ஒரு விடுதியின் பெயர்ப்பலகை 'ஓமேலாஸ்' என்றிருந்தது. ஒரு குழந்தையின் துயரத்தின்மேல் ஒரு நகரமே தன் இன்பத்தைக் கட்டிக்கொண்டிருப்பதாக உர்சுலா லெ குவின் 1973இல் எழுதிய சிறுகதையின் நகரம் அது. மஞ்சள் நாடாக்களும், உரியவரின்றிக் குவிந்துகிடக்கும் துணிகளும், கரையில் தனித்துக் கிடக்கும் காலணிகளும் அதில் வந்தன. 2014 ஏப்ரல் 16ஆம் தேதி செவோல் என்ற கப்பல் கவிழ்ந்து 304 பேர் மாண்டதும், அவர்களுள் 250 பேர் ஆன்சான் நகரத்துத் தான்வோன் மேனிலைப் பள்ளி மாணவர்கள் என்பதும், மஞ்சள் நாடா அந்தத் துக்கத்தின் அடையாளமாயிற்று என்பதும் கொரியர் எவருக்கும் சொல்லித்தெரியவேண்டியவை அல்ல. ரசிகர்கள் பாட்டை அந்தக் குழந்தைகளுக்கான இரங்கலாகவே வாசித்தனர். குழுவினர் அதனை வெளிப்படையாக நிறுவவுமில்லை, மறுக்கவுமில்லை. அந்தப் பாட்டு வசந்தந்தோறும் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டு, மெலன் என்ற கொரிய இசைச் சேவையின் தரவரிசையில் ஆண்டுக்கணக்காக நிலைத்துநின்றதற்கு இந்த வாசிப்பே பெருங்காரணம் என்று கருதுகிறேன். அயல்நாட்டு விற்பனைக்காகத் திட்டமிட்ட எந்த விளம்பரமும் அதைச் செய்திருக்க இயலாது.

இனி நம் ஆல்பத்துக்கு வருவோம். 2019 ஏப்ரலில் வெளிவந்த 'மேப் ஆஃப் தி சோல்: பெர்சோனா' என்ற சிறு தொகுதியின் பெயர், யுங்கின் உளவியலைச் சாமானிய வாசகருக்கு விளக்கும் வகையில் மர்ரி ஸ்டைன் 1998இல் எழுதிய நூலின் பெயரிலிருந்து எடுக்கப்பட்டது. சுவிட்சர்லாந்தில் வாழும் அந்த முதிய உளவியலாளர், தம் நூல் ஒரு பாட்டுக்குழுவின் கையில் அகப்பட்ட செய்தியை ஒரு மாணவர் வாயிலாகக் கேள்விப்பட்டாராம். யுங்கின் வரைபடத்தில் உலகுக்குக் காட்டும் முகமூடி ஒன்று, நாம் காட்ட நாணும் நிழல் ஒன்று. ஆகவே முகமூடி வந்துவிட்டது, அடுத்து நிழல் வரும், அதன்பின் 'நான்' என்னும் அகந்தை வரும் என்று ரசிகர்கள் கணக்கிட்டுக் காத்திருந்தனர். 2020 ஜனவரியில் நிறுவனமே ஒரு கால அட்டவணையைப் படமாக வரைந்து வெளியிட்டது. பிறகு குழுவினருள் ஒருவரான சுகா பாடிய நிழற்பாட்டு ஜனவரி 10ஆம் தேதியும், இசை தன் நெஞ்சை அசைக்காமற் போய்விடுமோ என்று ஒரு கலைஞன் அஞ்சும் 'பிளாக் ஸ்வான்' ஜனவரி 17ஆம் தேதியும், மற்றோர் உறுப்பினரான ஜே-ஹோப்பின் 'ஈகோ' பிப்ரவரி 3ஆம் தேதியும் வந்தன. ஒவ்வொன்றும் வந்த சில மணி நேரத்துக்குள் பெயர் வெளியிடாத மொழிபெயர்ப்பாளர்கள் கொரியச் சொல்லுக்கு ஆங்கிலம் கண்டு, சிலேடைக்கும் பேச்சு மரியாதைக்கும் அடிக்குறிப்பு எழுதினர். ஆங்கிலத்திலிருந்து அது பல மொழிகளுக்குப் போயிற்று. அவர்களுக்கு அதற்குக் கூலி ஒன்றும் கிடையாது.

நிறைவாக முகமூடி, நிழல், அகந்தை என்ற மூன்று பாட்டுகளையும் அருகருகே வைத்துக் கேட்டவர்களுக்கு ஒரு விஷயம் பிரத்தியட்சமாயிற்று. 'பெர்சோனா' தொகுதியில் வந்த முகமூடிப் பாட்டு 2014ஆம் ஆண்டு ஆல்பமொன்றின் முகப்பிசையின்மேல் கட்டப்பட்டது. நிழற்பாட்டில் 2013 செப்டம்பர் ஆல்பத்தின் முகப்பிசை ஒலிக்கிறது. 'ஈகோ' அதற்கும் முந்தி, 2013 ஜூன் மாதத்து முதல் தொகுதியின் முகப்பிசையோடு தொடங்குகிறது. ஆல்பம் முன்னோக்கிச் செல்லச் செல்ல, அதனுள் கிடக்கும் பழைய ஓசை பின்னோக்கிப் பின்னோக்கி அரங்கேற்றத்தின் முதல் நாளுக்கே போய்ச் சேருகிறது. முதன்முறை கேட்பவனுக்கு இது வெறும் தாளம். ஏழாண்டு கூடவே வந்தவளுக்கு அது தன் பதினாறாம் பிராயத்தின் சத்தம். ஒரு புதிய ஆல்பத்துக்கு ரசிகர் கொடுக்கும் எதிர்வினையில் பாதி, புதியது எது என்பதைப் பற்றியதன்று என்று இதனால் அறியலாம்.

இங்கே ஓர் அபிப்பிராய பேதத்தையும் குறிக்கவேண்டும். ஆல்பத்தில் காணப்படும் யுங் மெலிந்தவர். மூன்று தலைப்புகளும் சில படிமங்களும் தவிர ஆழ்ந்த தத்துவ விசாரம் அதில் இல்லை. யுங்கின் கிரமத்தில் உள்முகப் பயணத்தின் இலக்காக நிற்பது அகந்தையைக் கடந்த 'ஆன்மா' என்னும் முழுமை. ஆல்பமோ அகந்தையில் உற்சாகமாக நடனமாடி முடிந்துவிடுகிறது. ரசிகர்கள் ஸ்டைனின் நூலை வாங்கி வாசித்து, ஆல்பத்தில் இல்லாத யுங்கை ஆல்பத்துக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். ஸ்டைனும் 2020ஆம் ஆண்டிலேயே பி.டி.எஸ். குழுவின் உலகை முன்னிட்டுத் தனியாக ஒரு நூல் எழுதினார். மூலத்தைக் காட்டிலும் உரை கனத்த நூல்கள் நமக்கும் உண்டாகையால் இதனை ஒரு குறையாக நான் சொல்லவில்லை.

வெளியீட்டு நாளன்று சியோலில் மாலை 6 மணி. சென்னையில் அப்போது பிற்பகல் 2.30. குறுந்தட்டில் 19 பாடல்கள், இணையப் பதிப்பில் ஸியா என்ற பாடகி சேர்ந்து பாடிய ஒன்றோடு 20. முதல் எதிர்வினைகளில் பூரிப்பு மட்டும் இருக்கவில்லை. முதல் ஐந்து பாடல்கள் பத்து மாதம் முன்பு 'பெர்சோனா' தொகுதியில் விற்கப்பட்டவையே என்பதை எடுத்துக்காட்டி, ஒரே சரக்குக்கு இருமுறை விலையா என்று மனம் நொந்தவர்கள் அன்றைக்கே இருந்தார்கள். தனிப் பாட்டுகள் மிகுந்து எழுவர் சேர்ந்து பாடுவது குறைந்துவிட்டது என்றனர் சிலர். ஜின் பாடிய 'மூன்' என்ற பாட்டில் பாடகன் தன்னைச் சந்திரனாகவும் ரசிகரைப் பூமியாகவும் உருவகித்திருந்தான். சுற்றிவருவது யார், சுற்றப்படுவது யார் என்ற வழக்கமான பாவனையை அது திருப்பிவிட்டதனால் ரசிகர் நடுவே அதற்குத் தனியாக ஒரு செல்வாக்கு உண்டாயிற்று. இசை நயத்தை மட்டும் கொண்டு சொல்வதாயின் 'பிளாக் ஸ்வான்' ஒன்றுதான் அத்தொகுதியில் காலத்தை வென்று நிற்கும் என்பது என் எண்ணம். 'மூன்' பாட்டை விரும்பும் பெருங்கூட்டம் இதை ஒப்புக்கொள்ளாது.

இதுவரை சொன்னது கைங்கரியத்தின் முதற்பங்கு. மற்றப் பங்கை அறிய அந்த ஆல்பத்தைக் கையில் எடுத்துப் பார்க்கவேண்டும். ஆல்பம் என்று சொல்லப்படுவது மெல்லிய உறைக்குள் இருக்கும் தட்டு அன்று. ஒரு தடித்த பெட்டி. நான்கு வெவ்வேறு பதிப்புகளில் அது விற்கப்பட்டது. உள்ளே வழவழப்பான புகைப்படப் புத்தகம், பாடல் வரிகள் அச்சிட்ட சிறு நூல், அஞ்சலட்டை, ஒட்டுப்படம், இவற்றினிடையே சீட்டுக்கட்டின் சீட்டு அளவில் ஓர் உறுப்பினரின் படம் பொறித்த போட்டோ கார்டு. என் தமக்கையின் மகள் தன் பெட்டியைப் பிரித்தபோது அருகிலிருந்து பார்த்தேன். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறி, விழுந்த கார்டைக் குப்புறவே மூடி வைத்துக்கொண்டு, சற்று நேரம் கண்ணை மூடியிருந்து, பிறகு திருப்பினாள். அவள் வேண்டியவர் அதில் வரவில்லை. தட்டை எடுத்துப் பாட்டைப் போடலாகாதா என்றேன். "பாட்டு எங்கேயும் ஓடிப் போயிடாது மாமா, கார்டை முதல்ல மாத்திக்கணும்" என்றாள். தட்டை ஓடவிடும் கருவி அவர்கள் வீட்டிலேயே இல்லை என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது.

அந்தக் கார்டில் யார் இருப்பார் என்பது பெட்டியைப் பிரிக்கும்வரை தெரியாது. 2010இல் 'கேர்ள்ஸ் ஜெனரேஷன்' குழுவின் ஆல்பத்தோடு பரவத் தொடங்கியதாகச் சொல்லப்படும் இம்முறை இன்று அனைத்துக் குழுக்களுக்கும் பொது. இதன் கணிதம் எளியது. ஏழு படங்களும் சமமான வாய்ப்போடு வருவதாகக் கொண்டால், ஏழையும் தனியொருவராகச் சேர்க்கச் சராசரியாக 18 பெட்டிகள் வாங்கவேண்டியிருக்கும். நான்கு பதிப்புகளுக்கும் நான்கு தனி வரிசை என்று வைத்தால் தொகை 70ஐத் தாண்டும். பிரதிகள் வேறு மனிதர்கள் வேறு என்று முதலில் சொன்னதன் காரணம் இதுவே. ஆனால் இந்தச் சீட்டுக்குலுக்கலுக்கு, அதை வகுத்தவர்கள் முற்றும் உத்தேசித்திராத ஒரு பலனும் உண்டாயிற்று. வேண்டாத கார்டு கைக்கு வந்தவள் அதை வேண்டியவளைத் தேடிப் புறப்பட்டாள். பண்டமாற்றுக்காக எழுதிய முதல் கடிதம் பலருக்கு வேற்றூர்த் தோழமையாக விளைந்தது. அதிர்ஷ்டத்தைக் கொண்டு அதிகம் விற்கச் செய்த ஏற்பாடு, அதிகம் வாங்காமலே சமாளிப்பதற்கான ஒரு சமூகத்தையும் உண்டாக்கிவிட்டது.

ஆயினும் விற்பனை குறையவில்லை. வெளியீட்டின் முதல் ஏழு நாள் விற்பனையைக் கொரிய ரசிகர்கள் 'சோதோங்' என்பார்கள். ஹான்டியோ என்ற நிறுவனம் கடை விற்பனையை உடனுக்குடன் கூட்டி வெளியிடுகிறது. 'மேப் ஆஃப் தி சோல்: 7' அந்த ஏழு நாளில் 33 லட்சத்து 70 ஆயிரத்துக்கு மேல் விற்றது. 1995இல் பாடகர் கிம் கன்-மோ வெளியிட்ட மூன்றாம் ஆல்பம் 33 லட்சம் விற்றதாகச் சொல்லப்பட்டு, ஏறக்குறைய கால் நூற்றாண்டு தென் கொரியாவின் உச்சமாக நின்றது; அந்த இலக்கத்தை 'பெர்சோனா' 2019இல் தாண்டியது, நம் ஆல்பம் ஒரு வாரத்திலேயே தாண்டிற்று. அமெரிக்காவின் பில்போர்டு 200 பட்டியலில் 4 லட்சத்து 22 ஆயிரம் அலகுகளோடு முதலிடம் பெற்றது. அவற்றுள் 3 லட்சத்து 47 ஆயிரம் முழு ஆல்பமாக விற்றவை. இவ்வெண்கள் தாமாக வந்து வாய்த்தவை அல்ல. எந்தக் கடையில் வாங்கினால் எந்தப் பட்டியலில் சேரும், ஒரு பாட்டை எத்தனை இடைவெளி விட்டு மீண்டும் ஓடவிட்டால் கணக்கில் ஏறும், இரவில் யார் விழித்திருப்பது, பகலில் யார் பொறுப்பேற்பது என்றெல்லாம் விரிவான அட்டவணைகள் ரசிகர்களாலேயே வகுக்கப்பட்டுக் கைமாறின. ஒலியை அடியோடு அடக்கிவைத்தால் கணக்கில் ஏறாது என்ற எச்சரிக்கையும் அவற்றில் இருந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, கேட்பவர் அயர்ந்து தூங்கிக்கொண்டிருக்கிறார், கணக்கு ஏறிக்கொண்டிருக்கிறது என்ற இந்த நிலை சங்கீத சாஸ்திரம் எதுவும் முன்கண்டிராதது.

தத்துவ அறிஞர் தியோடோர் அடோர்னோ 1938இல் இசையின் வசியப்பொருள் தன்மையைப் பற்றி எழுதிய கட்டுரையில், இசைக்குழு நடத்துநர் டோஸ்கனினியின் கச்சேரிக்குச் சீட்டு வாங்கியவன் உண்மையில் வழிபடுவது அச்சீட்டுக்குத் தான் கொடுத்த பணத்தையே என்ற கருத்தை வெளியிட்டிருக்கிறார். முதல் வார எண்ணிக்கையை ஆராதிக்கும் ரசிகரைப் பார்த்திருந்தால் அவர் தம் கூற்று முற்றும் நிரூபணமாயிற்று என்றே சொல்லியிருப்பார். ஆனால் அவர் கருதிய நுகர்வோன் தனியன், தன்னை அறியாதவன். இந்த ரசிகர் தாம் எண்ணிக்கையைத்தான் சேர்க்கிறோம் என்பதை நன்கு அறிவார். அதைத் தம் நண்பர்களோடு கேலி செய்துகொள்ளவும் செய்வார். ஆங்கிலத்தில் பாடாத எழுவரை அமெரிக்க வானொலி ஒலிபரப்பாது, எண்ணிக்கையைக் கொண்டு வாயிலை உடைத்தாலொழிய உள்ளே விடமாட்டார்கள் என்ற ஒரு நியாயமும் அவரிடம் இருந்தது. அந்த நியாயத்தில் ஓரளவு சாரம் உண்டு. பிரச்சினை எதில் இருக்கிறதென்றால், வாயில் உடைந்த பின்னும் உடைக்கும் தொழில் நிற்கவில்லை என்பதில்.

ஆல்பம் வெளியான ஏழாம் நாள், பிப்ரவரி 28ஆம் தேதி, கொள்ளைநோயை முன்னிட்டு ஏப்ரலில் சியோல் ஒலிம்பிக் அரங்கில் நடக்கவிருந்த நான்கு கச்சேரிகளும் ரத்தாயின. அதற்கு முன்தினம் சுகா தம் பிறந்த ஊராகிய தேகு நகரத்தின் நிவாரணத்துக்காக 10 கோடி வோன் அளித்திருந்தார். நோய் அப்போது அந்நகரத்தில்தான் உக்கிரமாயிருந்தது. சீட்டுப் பணம் திரும்பக் கிடைத்த ரசிகர்கள் பலர் அதை அப்படியே அந்த நிவாரண நிதிக்கு அனுப்பினர். ஆல்பத்தை எண்ணிக்கைக்காக அடுக்கடுக்காக வாங்கிய கூட்டமும் இந்தக் கூட்டமும் வெவ்வேறன்று. பட்டியல் பார்த்துப் பணம் திரட்டப் பழகிய அதே ஒழுங்கு, அதே அட்டவணை, அதே இரவு விழிப்பு வேறொரு காரியத்துக்குத் திரும்பிற்று. எண்ணிக்கை சேர்க்கும் பயிற்சியை முற்றிலும் வீணென்று தள்ளுவோர் இதனையும் சீர்தூக்க வேண்டும்.

அதன்பின் நடந்தவற்றை விரிக்கவேண்டியதில்லை. பிற குழுக்களும் இவ்வழியே சென்று இவ்வெண்களைக் கடந்தன; 2023 அக்டோபரில் 'செவன்டீன்' குழு ஒரே வாரத்தில் 50 லட்சம் பிரதிகள் விற்றது. கொரியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கணக்குப்படி இசை நிறுவனங்கள் உபயோகித்த பிளாஸ்டிக் 2017இல் 55.8 டன்னாக இருந்து 2022இல் 801.5 டன்னாக ஏறிற்று. 2024இல் அதே செவன்டீனின் புதிய தொகுதி வெளியான சில நாளில், தோக்கியோவின் ஷிபுயா பகுதியில் பிரித்தெடுத்த பெட்டிகள் குவியல் குவியலாக, யார் வேண்டுமானாலும் எடுத்துச் செல்லலாம் என்ற குறிப்போடு தெருவில் விடப்பட்டிருந்தன. கார்டுகளை எடுத்துக்கொண்டு ஆல்பத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இதைக் கண்டு முதலில் கொதித்தவர்களும் ரசிகர்களே. 2021இல் தோன்றிய 'கேபாப்ஃபார்பிளானட்' என்ற ரசிகர் இயக்கம், வேண்டாத ஆல்பங்களைத் திரட்டி நிறுவனங்களின் வாயிலிலேயே கொண்டுபோய்ச் சேர்த்தது.

நிறுவனங்கள் செவிசாய்க்காமலும் இல்லை. 2022 ஜூலை 15ஆம் தேதி ஜே-ஹோப் தனியாக வெளியிட்ட 'ஜாக் இன் தி பாக்ஸ்' ஆல்பத்துக்குக் குறுந்தட்டே கிடையாது; சிறிய பெட்டியில் ஓர் அட்டை, அதிலுள்ள குறியைக் கைபேசியில் காட்டினால் பாட்டு வரும். பிளாஸ்டிக் குறைந்தது. பில்போர்டு 200 பட்டியலில் அது 17ஆம் இடத்தை அடைந்தது. ஓராண்டு கழித்து 2023 ஆகஸ்டில், அதே பாட்டுகளோடு சில மேடை வடிவங்களையும் வாத்திய வடிவங்களையும் கூட்டி, இம்முறை குறுந்தட்டாகவே மீண்டும் வெளியிட்டார்கள். அது 6ஆம் இடத்துக்கு வந்தது.